தாலி கட்டிய மூன்றாம் நாள் லடாக்கில் இறங்கலாமா?

கடலூரிலிருந்து 26 வயது வாசகி ஒருவர் எழுதிய கடிதம். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மட்டும் மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

"டாக்டர், எனக்கு மே கடைசி ஞாயிறு கல்யாணம். இன்னும் சரியாக எட்டு வாரம். மாப்பிள்ளை புதுச்சேரிக்காரர். தினமும் விடியற்காலை கடற்கரைச் சாலையில் ஆறு கிலோமீட்டர் ஓடுகிறவர். தேனிலவுத் திட்டம் முழுக்க அவருடையது. திங்கள் இரவு கிளம்பிச் சென்னை, செவ்வாய் டெல்லி, புதன் காலை விமானத்தில் லடாக்கின் லே நகரம். வியாழன் கர்துங் லா கணவாய் வழியாக நூப்ரா, வெள்ளி பாங்காங் ஏரிக்கரையில் கூடாரம், சனி லே, ஞாயிறு டெல்லி. பிறகு இரண்டு நாள் கார்பெட் தேசியப் பூங்காவில் ஜீப் சஃபாரி. பாதிப் பணம் கட்டியாகிவிட்டது.

"எனக்குச் சில பயங்கள். போன மாதம் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.4 என்று வந்தது. மாதவிடாயின்போது ரத்தப்போக்கு எப்போதும் அதிகம். அடுத்தது ஐந்து நாளில் வரும். அந்தக் கணக்குப்படி பாங்காங் போகும் வெள்ளிக்கிழமைதான் அதற்கடுத்ததற்கு அடுத்தது. மாசி மகத்தின்போது கடையில் தள்ளிப்போடும் மாத்திரை வாங்கிப் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை. அதையே போட்டுக்கொள்ளலாமா? குழந்தையும் ஒரு வருடம் தள்ளிப்போடலாம் என்று இருக்கிறோம். அந்த மாத்திரையே அதற்கும் போதும்தானே? அவருடைய நண்பர் டயமாக்ஸ் மாத்திரை, ஆக்ஸிஜன் டப்பா, கற்பூரம் மூன்றும் இருந்தால் மலையில் எதுவும் செய்யாது என்கிறார். பள்ளியில் படிக்கும்போது நீர்க்கடுப்புக்குக் கொடுத்த செப்ட்ரான் மாத்திரையில் எனக்கு உடம்பெல்லாம் தடித்து உதடு வீங்கியது. டயமாக்ஸும் அதே ஜாதி மாத்திரை என்று எங்கோ படித்தேன். இன்னொன்று, கேட்கக் கூச்சமாக இருக்கிறது: அவ்வளவு உயரத்தில் தாம்பத்திய உறவு கூடாது என்கிறார்களே, உண்மையா?"

அன்புள்ள வாசகிக்கு,

கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன உதட்டு வீக்கம்தான் என் கண்ணில் முதலில் பட்டது. அதற்கு வருகிறேன். முதலில் நல்ல செய்தி: எட்டு வாரம் இருக்கிறது. ஹீமோகுளோபினை ஏற்றவும், மாதவிடாய்த் தேதியை மாற்றவும், கருத்தடை முறையைப் பழகிக்கொள்ளவும் இது போதும். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு எழுதியிருந்தால் பதில் இரண்டு வரியில் முடிந்திருக்கும்.

திட்டத்தைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். இடங்களில் தவறில்லை, வரிசையில்தான் தவறு. கடல் மட்டத்தில் பிறந்து வளர்ந்த இருவர், கல்யாண வீட்டில் நாலைந்து ராத்திரி தூங்காமல், புதனன்று 3,500 மீட்டர் உயரத்தில் இறங்கி, மறுநாளே 5,300 மீட்டரைத் தாண்டுகிறார்கள். உங்கள் ரத்த சோகை இல்லாவிட்டாலும் இதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

உயரத்தில் என்ன நடக்கிறது

மலையில் ஆக்ஸிஜன் குறைவு என்கிறோம். காற்றில் அதன் பங்கு அங்கேயும் 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். லேயில் இழுக்கிற ஒரு மூச்சில், கடலூரில் கிடைக்கும் ஆக்ஸிஜனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் உள்ளே போகும். கர்துங் லாவில் பாதி. அங்குள்ள பலகை 18,380 அடி என்று பழைய கணக்கைச் சொல்லும். இப்போதைய அளவீட்டில் அது 5,359 மீட்டர், அதாவது 17,600 அடியை ஒட்டித்தான். நுரையீரலுக்கு அந்தத் தள்ளுபடி போதாது.

உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் அவசரப்படுத்த முடியாது. மூச்சு வேகமாகும், சிறுநீர் அதிகம் போகும், ரத்தத்தின் காரத்தன்மை மாறிச் சீராகும். இதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள், லேயில் இறங்கிய ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் தலைவலி, குமட்டல், சோர்வு, தூக்கமின்மை தொடங்கும். முதல் ராத்திரிதான் மோசம். அங்கேயே பேசாமல் இருந்தால் பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு நாளில் தானே சரியாகிவிடும். தலைவலியோடு ஏறுகிறவர்களில்தான் சிலருக்கு அது நுரையீரலில் நீர் கோத்தலாகவோ மூளை வீக்கமாகவோ மாறுகிறது. நுரையீரல் பிரச்சினை பெரும்பாலும் இரண்டாம் ராத்திரிக்கு மேல்தான் தலைகாட்டும். உங்கள் திட்டப்படி அப்போது எங்கே இருப்பீர்கள்? பாங்காங் கரையில், கூடாரத்தில்.

இந்த நோய்க்கு உண்மையான மருந்து ஒன்றே: கீழே இறங்குவது. பாங்காங் ஏறத்தாழ 4,250 மீட்டர். அங்கிருந்து பெரிய மருத்துவமனை உள்ள லேக்கு வர, 5,300 மீட்டருக்கு மேல் உள்ள சாங் லா கணவாயைத் தாண்ட வேண்டும். இறங்குவதற்காக முதலில் ஆயிரம் மீட்டர் ஏற வேண்டும்! ஷியோக் ஆற்றோரமாக நூப்ரா பக்கம் திரும்பலாம். அது மணிக்கணக்கில் நீளும் பாதை, ராத்திரியில் மூச்சிரைக்கும் ஒருவரை வைத்துக்கொண்டு போகிற பாதை அல்ல. பயண ஏற்பாட்டாளர்கள் தரும் அட்டவணையில் தூரமும் மணியும் இருக்கும், இந்த விவரம் இருக்காது.

உங்கள் வருங்காலக் கணவர் தினமும் ஓடுகிறார் என்பது நல்ல விஷயம், ஆனால் இதற்குக் கவசம் அல்ல. உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கும் இது அதே அளவில் வரும். சொல்லப்போனால், ‘எனக்கென்ன' என்று வேகமாக நடந்து, பையைத் தானே தூக்கி, தலைவலியை வெளியே சொல்லாமல் மறைப்பவர்கள் அவர்கள்தான். அவரையும் கவனியுங்கள், உங்களை மட்டும் அல்ல.

முதல் இரண்டு ராத்திரிகளில் இன்னொன்றும் நடக்கலாம். பக்கத்தில் தூங்குகிறவரின் மூச்சு வேகமாகி, பிறகு சில நொடி நின்று, ஒரு பெருமூச்சோடு மறுபடி வரும். புதுப்பெண் இதைப் பார்த்துப் பயந்து அலறுவது சகஜம். உயரத்தில் தூக்கத்தின்போது இப்படி ஆவது இயல்பு, எழுப்ப வேண்டாம். ஆனால் விழித்து உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்தால், இருமலில் நுரை வந்தால், பேச்சு குழறினால், அது இயல்பு அல்ல. ஒரு எளிய சோதனை: ஒரு பாதத்தின் குதிகாலை மறு பாதத்தின் விரல் நுனியோடு ஒட்டி ஒட்டி வைத்து நேர்க்கோட்டில் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் காலைவரை காத்திருக்காதீர்கள். அப்போதே வண்டி, ஆக்ஸிஜன், மருத்துவமனை. லேயில் சோனம் நோர்பூ நினைவு மருத்துவமனை இருக்கிறது. விடுதியில் சொன்னால் உடனே கூட்டிப்போவார்கள்; அவர்களுக்கு இது பழகிய விஷயம்.

நண்பர் சொன்ன மூன்று

கற்பூரத்தை முகர்ந்தால் மூக்கு குளிர்ந்து மூச்சு நன்றாக வருவதுபோலத் தோன்றும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஒரு துளி ஏறாது. பெருமாளுக்கு ஏற்றுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். பூண்டுக்கும் இதே பதில்.

ஆக்ஸிஜன் டப்பா கைக்கு அடக்கமான ஸ்ப்ரே மாதிரி இருக்கும். உள்ளே சில லிட்டர்தான். நிமிடக் கணக்கில் தீர்ந்துவிடும். கணவாயில் தலை சுற்றும்போது ஆறுதலுக்குச் சரி. ஆபத்தில் வேண்டியது பல மணி நேரம் ஓடும் சிலிண்டர். வண்டியில் அது இருக்கிறதா, எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று ஓட்டுநரிடம் கேளுங்கள்.

டயமாக்ஸ், அதாவது அசெட்டஸோலமைட், நிஜமாகவே வேலை செய்யும் மருந்து. வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலையும் மாலையும். ஏறுவதற்கு முந்தைய நாள் தொடங்கி, உயரத்துக்குப் போய் இரண்டு நாள்வரை. விரல் நுனி மரத்து எறும்பு ஊர்வதுபோல் இருக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும். இதெல்லாம் எதிர்பார்க்கக்கூடியவை.

உங்கள் பிரச்சினை வேறு. செப்ட்ரானில் இருப்பது சல்பா வகை நுண்ணுயிர்க்கொல்லி. அசெட்டஸோலமைடும் வேதியியலில் அந்தக் குடும்பத்தின் தூரத்துச் சொந்தம், நீங்கள் படித்தது சரிதான். அதே சமயம், செப்ட்ரான் ஒத்துக்கொள்ளாதவர்களில் பெரும்பாலோருக்கு இது ஒத்துக்கொள்கிறது. வெறும் அரிப்பு, தடிப்பு மட்டும் வந்திருந்தால், ஊரிலேயே ஒரு மருத்துவர் முன்னிலையில் சோதனை வேளை போட்டுப் பார்த்து முடிவு செய்யலாம் என்பேன். உங்களுக்கு உதடு வீங்கியிருக்கிறது. அது ஒரு படி மேலே. ஒவ்வாமை மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் இந்த மாத்திரையைத் தொடாதீர்கள். லேயில் தலைவலி வந்ததும் நண்பர் கொடுத்த அட்டையிலிருந்து ஒன்றைப் பிரித்துப் போடுவது கூடவே கூடாது. மூச்சுத் திணறல் வந்தால் அது மலையால் வந்ததா, மாத்திரையால் வந்ததா என்று பார்க்கிறவருக்கே புரியாது.

மருந்து இல்லாமல் போக முடியாதா? முடியும். மெதுவாக ஏறுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இந்த மாத்திரையே தேவைப்படாது. 3,000 மீட்டருக்கு மேல், படுத்துத் தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது கணக்கு. விமானத்தில் நேராக லேக்குப் போகிறவர்கள் இந்தக் கணக்கை முதல் நாளே மீறிவிடுகிறார்கள். அதனால்தான் லடாக் நிர்வாகமும் அவர்களைக் குறைந்தது 48 மணி நேரம் லேயில் ஓய்வெடுக்கச் சொல்கிறது.

ஹீமோகுளோபின் 9.4

ஆக்ஸிஜனைச் சுமந்து போகும் லாரி ஹீமோகுளோபின் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு மூன்றில் ஒரு பங்கு குறைவாக வரும் ஊருக்கு, லாரியையும் குறைத்துக்கொண்டு போகிறீர்கள். பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். லேக்குப் போவதானால் குறைந்தது 11-ஐத் தொட்டிருக்க வேண்டும் என்பது என் நிபந்தனை. 10-க்குக் கீழே என்றால் பேச்சே இல்லை.

முதலில் ஃபெரிட்டின் (உடம்பில் உள்ள இரும்பு இருப்பைக் காட்டுவது), பி12, தைராய்டு மூன்றையும் பார்த்துவிடுங்கள். இரும்புச்சத்துக் குறைவுதான் என்று உறுதியானால் ஒரு நாளைக்கு 60 முதல் 100 மில்லிகிராம் இரும்பு உள்ள மாத்திரை ஒன்று. காலையில் வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாறோடு. முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காபி, டீ, பால் கூடாது. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். மாத்திரையை ஃபில்டர் காபியோடு விழுங்கிவிட்டு ‘ஏறவே இல்லை' என்பார்கள். குமட்டினால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாம், பலன் பெரிதாகக் குறையாது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். நாலு வாரத்தில் மறுபடி பரிசோதனை. குறைந்தது ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் மாத்திரை சேரவில்லை, அல்லது ரத்தப்போக்கு அதைத் தின்றுகொண்டிருக்கிறது. அப்போது நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவதைப் பற்றி மருத்துவர் யோசிப்பார். அதற்கும் அவகாசம் இருக்கும்.

அசைவம் சாப்பிடுகிறவர் என்றால் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) வாரம் இரண்டு முறை. முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனால் கீரையில் உள்ள இரும்பு உடம்பில் சேர்வது குறைவு. அதை மட்டும் நம்பி 9.4-ஐ 11 ஆக்க முடியாது. முகூர்த்தப் புடவையில் மெலிந்து தெரிய வேண்டும் என்று ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தும் பழக்கம் இப்போது நிறைய மணப்பெண்களிடம் இருக்கிறது. நீங்களும் அப்படி என்றால், இன்றோடு விட்டுவிடுங்கள்.

தள்ளிப்போடும் மாத்திரை கருத்தடை மாத்திரை அல்ல

கடிதத்திலேயே மிகவும் தவறான நம்பிக்கை இதுதான். மாசி மகத்துக்கு நீங்கள் போட்டது அநேகமாக நோரெதிஸ்டெரோன் 5 மில்லிகிராம். மாதவிடாய் வரும் தேதிக்கு மூன்று நாள் முன்பு தொடங்கி ஒரு நாளைக்கு மூன்று வேளை போடுவார்கள். நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். உங்கள் கணக்குப்படி முகூர்த்தம் முடிந்து இரண்டாம் நாள், செவ்வாயன்றுதான் தொடங்க வேண்டியிருக்கும். அதற்குள் கருமுட்டை வெளிவந்து நாளாகியிருக்கும். அது கர்ப்பத்தைத் தடுக்காது. பயணப் பரபரப்பில் ஒரு வேளை மறந்தால் உதிரம் படத் தொடங்கிவிடும் என்பது இன்னொரு தொல்லை.

உங்களுக்கு மூன்று தேவைகள்: ரத்தப்போக்கு குறைய வேண்டும், தேதி தள்ள வேண்டும், கர்ப்பம் ஒரு வருடம் தள்ள வேண்டும். மூன்றுக்கும் ஒரே வழி இருக்கிறது, அதுவும் இப்போதே தொடங்கினால். அது தினசரிக் கருத்தடை மாத்திரை. அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ‘மாலா-என்' என்ற பெயரில் இலவசம். ஒரு அட்டையில் 21 ஹார்மோன் மாத்திரை, 7 இரும்பு மாத்திரை.

ஐந்து நாளில் வரப்போகும் மாதவிடாயின் முதல் நாள் முதல் அட்டையைத் தொடங்குங்கள். தினமும் ஒரே நேரத்தில். ராத்திரி பல் துலக்கியதும் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. 28 நாள் முடிந்ததும் இரண்டாவது அட்டை. அதில் 21 ஹார்மோன் மாத்திரைகள் தீரும்போது முகூர்த்தத்துக்கு இரண்டு மூன்று நாள்தான் இருக்கும். அங்கே அந்த ஏழு இரும்பு மாத்திரைகளைத் தாண்டிவிட்டு, மறுநாளே மூன்றாவது அட்டையின் ஹார்மோன் மாத்திரைக்குப் போங்கள். அடுத்த மூன்று வாரத்துக்கு மாதவிடாய் வராது. தேனிலவு முடிந்து மறுவீடும் முடிந்திருக்கும். முதல் இரண்டு மாதம் இடையில் லேசாகக் கறை படலாம், அது பழகப் பழகப் போய்விடும். அதனால்தான் முன்கூட்டியே தொடங்கச் சொல்கிறேன்.

எல்லோருக்கும் இது ஆகாது. கண்ணில் மின்னல் வெட்டுவதுபோல் தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி, உயர் ரத்த அழுத்தம், புகைப் பழக்கம், கல்லீரல் கோளாறு, உங்களுக்கோ பெற்றோர், உடன்பிறந்தோருக்கோ காலிலும் நுரையீரலிலும் ரத்தம் உறைந்த வரலாறு, இதில் ஒன்று இருந்தாலும் வேண்டாம். இந்த மாத்திரை ரத்தம் உறையும் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும். 4,500 மீட்டருக்கு மேல் வாரக்கணக்கில் தங்குபவர்களுக்குத்தான் அது கவலை. உங்களைப்போல் சில மணி நேரம் கணவாயைத் தாண்டுகிறவர்களுக்கு அவ்வளவாக இல்லை. ஆனாலும் விமானத்திலும் வண்டியிலும் இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து காலை நீட்டி நடங்கள். தொடங்கும் முன் கடலூரிலோ புதுச்சேரியிலோ ஒரு மகப்பேறு மருத்துவரிடம் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். ரத்தப்போக்கு அதிகம் என்பதால் ஒரு ஸ்கேனும் தேவைப்படலாம்.

மாத்திரை வேண்டாம் என்று முடிவானால் ஆணுறை. ஊரிலேயே வாங்கிக் கைப்பையில் வையுங்கள். வெயிலில் நிற்கும் காரில் விட்டால் ரப்பர் கெட்டுவிடும். உறவுக்குப் பின் போடும் 72 மணி நேர மாத்திரை அவசரத்துக்கு மட்டும். தேனிலவு முழுக்க அதை நம்பி இருப்பது முறை அல்ல.

கூச்சத்தோடு கேட்ட கேள்வி

உயரத்தில் தாம்பத்திய உறவுக்குத் தடை எதுவும் இல்லை. அது உடம்புக்கு இரண்டு மாடிப்படி ஏறுகிற அளவு வேலை. லேயில் இறங்கிய முதல் 48 மணி நேரம் மாடிப்படியே ஏறாதீர்கள் என்று சொல்கிறோம் அல்லவா, அதே விதிதான் இதற்கும். மூச்சு வாங்கி, தலை வலித்து, ஒன்றும் சரிப்படவில்லை என்றால் அது உங்கள் இருவரின் குறை அல்ல. 3,500 மீட்டரின் வேலை. அங்கே மதுவும் தூக்க மாத்திரையும் முதல் இரண்டு நாள் கூடாது, இரண்டும் தூக்கத்தில் மூச்சைக் குறைக்கும்.

இதைவிட நான் கவலைப்படுவது நீர்க்கடுப்பைப் பற்றி. புதிதாகத் தாம்பத்தியம் தொடங்கும் பெண்களுக்கு அது வருவது சாதாரணம். உங்கள் பயணம் அதற்குத் தோதாக அமைந்திருக்கிறது: கழிப்பறை இல்லாத மலைப்பாதை; மூன்று நான்கு மணி நேரம் ஜீப்பை விட்டு இறங்கவே அனுமதி இல்லாத புலிக்காடு; அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது. உறவு முடிந்ததும் கால் மணி நேரத்துக்குள் சிறுநீர் கழித்துவிடுங்கள். சஃபாரிக்கு ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்புவரை நன்றாகக் குடித்து, கழித்துவிட்டு ஏறுங்கள். ஜூன் வெயிலில் தண்ணீரே குடிக்காமல் மட்டும் இருக்காதீர்கள். எரிச்சல் வந்துவிட்டால், போகும் ஊரில் மருந்துக்கடைக்காரர் எடுத்துக்கொடுப்பது சல்பாவாகவே இருக்கலாம். ‘சல்பா ஒவ்வாமை, உதடு வீங்கியது' என்று ஒரு சீட்டில் ஆங்கிலத்தில் எழுதி இருவர் பணப்பையிலும் வையுங்கள். நைட்ரோஃபியூரன்டாயின் போன்ற சல்பா இல்லாத மருந்தை, ஐந்து நாள் அளவில், உங்கள் மருத்துவரிடமே எழுதி வாங்கிக்கொண்டு போவது இன்னும் நல்லது. காய்ச்சலோடு குளிர் நடுக்கமும் விலாவில் வலியும் வந்தால் அந்த மாத்திரை போதாது, மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி என்ன செய்யலாம்

ஒரு வழி, லடாக்கை விட்டுவிட்டு கார்பெட்டை வைத்துக்கொண்டு, அங்கிருந்து உத்தராகண்டின் குமாவுன் மலைக்கு ஏறுவது. கார்பெட்டின் வாசலான ராம்நகர் தாழ்வான இடம். அங்கிருந்து நைனிதால் 2,100 மீட்டரை ஒட்டி, முக்தேஸ்வர் 2,300-ஐ ஒட்டி. அரை நாள் பயணம். பின்சர் சரணாலயத்தின் உச்சியே 2,400 சொச்சம்தான். ஊட்டிக்குப் போய் வந்த உடம்புக்கு இது புதிதல்ல. உங்கள் ஹீமோகுளோபின் 10 இருந்தாலே போகலாம், டயமாக்ஸ் பேச்சே வேண்டாம். குறை என்னவென்றால் ஜூன் தொடக்கத்தில் ராம்நகரில் 40 டிகிரிக்கு மேல் கொளுத்தும், மலையில் புழுதிமூட்டத்தால் பனிச்சிகரங்கள் பல நாள் தெரியாது. புலி பார்க்க மட்டும் அது நல்ல காலம். தண்ணீர் தேடி வெளியே வரும். கார்பெட்டின் டிகாலா பகுதி ஜூன் 15-ஓடு மூடிவிடும், பிஜ்ரானி மாதக் கடைசியில். மலைப்பாதை வளைவுகளில் வாந்தி வருமென்றால் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு அவோமின் ஒன்று. தூக்கம் வரும், பரவாயில்லை.

இரண்டாவது வழி, கார்பெட்டை விட்டுவிட்டு லடாக்கை மட்டும் நிதானமாகப் பார்ப்பது. ஹீமோகுளோபின் 11-ஐத் தொட்டிருந்தால் மட்டும். முகூர்த்தம் முடிந்து நான்கைந்து நாள் நன்றாகத் தூங்கிவிட்டுக் கிளம்புங்கள். லேயில் மூன்று ராத்திரி. முதல் நாள் அறையை விட்டே வெளியே வராதீர்கள், இரண்டாம் நாள் மெதுவாகக் கடைத்தெரு. பிறகு நூப்ராவில் இரண்டு ராத்திரி. நூப்ரா லேயைவிடத் தாழ்வு, 3,100 மீட்டர் அளவுதான், தூங்குவதற்கு நல்லது. நடுவில் கர்துங் லாவில் படம் எடுக்கப் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம். பாங்காங் கடைசியில், அதுவும் இருவருக்கும் தலைவலி இல்லை என்றால். தேசியப் பூங்கா வேண்டுமே என்றால் லேக்குப் பக்கத்திலேயே ஹெமிஸ் இருக்கிறது. பனிச்சிறுத்தைக்குப் பெயர் போனது. ஆனால் அது ஜீப்பில் உட்கார்ந்து பார்க்கிற பூங்கா அல்ல, நடந்து ஏற வேண்டியது. கோடையில் சிறுத்தையும் உச்சிக்குப் போய்விடும். இந்த முறை அதை விட்டுவிடலாம்.

மூன்றாவது, எல்லாவற்றையும் செப்டம்பருக்குத் தள்ளுவது. வானம் தெளிவாக இருக்கும், உங்கள் ரத்தமும் ஊறியிருக்கும். ஆனால் அதற்குள் நாலு மாதத் தாம்பத்தியம். மாத்திரையில் தவறு நேர்ந்து கர்ப்பமாகியிருந்தால் லடாக் கூடாது. கிளம்புவதற்கு முந்தின வாரம் வீட்டிலேயே சிறுநீர்ப் பரிசோதனை செய்து பார்த்துவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும்.

என்னைக் கேட்டால் இப்போதைக்கு முதல் வழி. நாலு வாரம் கழித்து வரும் பரிசோதனையில் 11-ஐத் தொட்டுவிட்டால் இரண்டாவதையும் மறுக்க மாட்டேன். கட்டிய முன்பணத்தைப் பற்றி: தேதியையும் வரிசையையும் மாற்றித் தரச் சொல்லி இப்போதே கேளுங்கள். எட்டு வாரம் முன்பு கேட்பதற்கும் எட்டு நாள் முன்பு கேட்பதற்கும் பிடித்தம் ஒன்றாக இருக்காது.

டாக்டர் சொல்ல வேண்டிய விஷயம் அல்ல, ஆனாலும் இரண்டு. விமானச் சீட்டிலும் சஃபாரி அனுமதியிலும் உங்கள் ஆதாரில் இருக்கும் பெயரே இருக்கட்டும். கணவர் பெயரின் முதலெழுத்தை ஆசையாகச் சேர்த்துப் பதிவு செய்துவிட்டு, அப்பா பெயரின் முதலெழுத்து உள்ள அட்டையை நீட்டினால் காட்டு வாசலில் வாக்குவாதம்தான். லடாக் என்றால் கைப்பேசியும்: வெளி மாநில ப்ரீபெய்டு சிம் அங்கே எடுக்காது, போஸ்ட்பெய்டு வேண்டும். இருவரில் ஒருவராவது கிளம்பும் முன் மாற்றிக்கொள்ளுங்கள். ராத்திரி ஒரு மணிக்கு மருத்துவமனையைக் கூப்பிட அதுதான் வேண்டியிருக்கும்.